நாற்பத்தாறு உருப்படிகள்

நகராட்சி அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் ‘ரீஸ்டார்ட் சார்’தான். யார் போன் செய்து என்ன புலம்பினாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது, “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்ற கேள்விதான். இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி. பத்துக்கு ஏழு தடவை அதிலேயே வேலை முடிந்துவிடும். மீதி மூன்றுக்கு, தோளில் பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி வருவார். பையில் ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்ட ஒரு பிரஷ், நாலைந்து பென் டிரைவ், கூடவே நீளமாக ஒரு நோட்டு.

கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிற மனிதர், கம்ப்யூட்டரை நம்பாமல் எல்லாவற்றையும் பேனாவால் அந்த நோட்டில் எழுதி வைப்பார். ஏன் சார் என்று கேட்டால், “டாக்டர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கறாரா?” என்பார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் விளங்கியதில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் எந்த மிஷினில் எந்தப் பாகம் மாற்றியது என்று கேட்டால், அரை நிமிடத்தில் பக்கத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவார். விதி, வரிசை, நோட்டு, கையெழுத்து. மனிதர் அவ்வளவுதான்.

அவருடைய தங்கையும் அதே அலுவலகத்தில்தான் இருந்தாள், முதல் மாடியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில். அவள் கணவன் செத்தபோது மகளுக்கு நாலு வயது. தாயையும் பிள்ளையையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தவர், அதற்குப் பிறகு தன் கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடவில்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்த ஒரு பால்கனி. அதில் மூன்று பேரும் பதினாறு வருடம் முட்டி மோதிக்கொண்டு வாழ்ந்தார்கள். குளியலறைக்கு வரிசை, ரிமோட்டுக்குச் சண்டை, கடைசி பிஸ்கட்டுக்குப் பஞ்சாயத்து. பிஸ்கட் விஷயத்தில் மட்டும் தங்கையை ஜெயிக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அவள் எதையாவது ஒளித்து வைத்தால், இவர் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாலும் கிடைக்காது. கடைசியில் அது பழந்துணி மூட்டைக்குள்ளிருந்தோ, எடைக்குப் போடக் கட்டி வைத்த பேப்பருக்கு அடியிலிருந்தோ வரும். “நீ நல்ல இடமாத்தான் தேடுவேண்ணா. குப்பையில கை வைக்க மாட்ட” என்று சிரிப்பாள்.

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், இருபது வயதான பிறகும். அந்தப் பாப்பா ஒரு காரியம் செய்தாள். கல்லூரிக்குப் போகப் பிடிக்காமல் பாதியில் நின்றுவிட்டு, அதை வீட்டில் சொல்லாமல், தினமும் அதே பையை மாட்டிக்கொண்டு கிளம்பி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வருடம். தெரிந்த அன்று தங்கை கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை.

“பெத்தவளையே ஒரு வருஷம் முட்டாளாக்கினவ நீ. இனிமே என் முகத்துல முழிக்காத” என்றாள்.

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பாப்பா ஒரு பெட்டியோடு பெண்கள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவர் இரண்டு பக்கமும் தூது போனார். இங்கே, “அவ முதல்ல வரட்டும்”; அங்கே, “அம்மா முதல்ல கூப்பிடட்டும்.” இரண்டும் ஒரே மண்ணில் பிடித்த பிடிவாதம், என்ன செய்ய முடியும்?

சில மாதம் கழித்து ஒரு மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது தங்கை தானாகவே சொன்னாள்: “அண்ணா, நேர்ல பேசினா சண்டைதான் வரும். அவளுக்கு எழுதிக்கிட்டிருக்கேன். ஆபீஸ் மிஷின்ல.”

“கையால எழுதறதுதானே?”

“கையால எழுதினா அழுகை வருது. டைப் அடிச்சா வரல. எல்லாம் எழுதி முடிச்சதும் பிரிண்ட் எடுத்துத் தரேன். நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும்.”

முடிக்கவில்லை. பாப்பா வீட்டைவிட்டுப் போய்ப் பதினொரு மாதம் ஆகும் சமயம், ஒரு திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் இறப்புச் சான்றிதழ் அடித்துக் கொடுத்தவளுக்கு, பக்கத்து மேசைக்காரி அடித்துக் கொடுத்தாள். அடிப்பதற்குள் நாலு தடவை பிழைவிட்டாளாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், அவர் அந்த எழுத்தைப் பற்றிச் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன எழுதியிருப்பா, மாமா? திட்டியிருப்பாளா?”

“தெரியலம்மா.”

“எனக்கு அது வேணும் மாமா. திட்டா இருந்தாலும் பரவாயில்ல. கடைசி வரைக்கும் என்மேல கோவமாவே இருந்தாளான்னு எனக்குத் தெரியணும்.”

எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஐந்து மாதம் ஆகியும் எடுக்கவில்லை. காரணம் கேட்டால் உங்களுக்கே கோபம் வரும். ஒரு ஊழியரின் மிஷினை அவர் இல்லாதபோது எழுத்துமூலம் உத்தரவில்லாமல் திறக்கக்கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவரே இவர்தான். தங்கையின் பிரிவுப் பதிவாளரிடம் ஒரு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டார். எதைத் தேடுகிறார் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. “நீங்களே இப்படிக் கேக்கலாமா சார்?” என்றார் பதிவாளர். அதோடு சரி. எல்லா மிஷினுக்குமான சாவி இவர் கையில் இருந்தது. ஒரு பகல் சாப்பாட்டு நேரத்தில் போய்த் திறந்து பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவருக்குத் தெரியுமே! அந்த மேசைக்கு வேறு ஆளும் போடவில்லை. மிஷின் துணி போர்த்தியபடி கிடந்தது. மாதம் ஒரு தடவை பாப்பா போனில் கேட்பாள்: “பாத்தீங்களா மாமா?” “பாக்கறேம்மா.” அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. இத்தனை வருடமாக ஓடிய பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் தரமாட்டோம் என்று கம்பெனிக்காரன் கைவிரித்துவிட்டான். மூன்று மாதத்துக்குள் அலுவலகத்தின் நூற்று அறுபத்திரண்டு கம்ப்யூட்டர்களும் புதிய சிஸ்டத்துக்கு மாறியாக வேண்டும். கமிஷனர் கூட்டம் போட்டார், டீ கொடுத்தார், “நீங்க பாத்துக்குவீங்க” என்று முடித்துக்கொண்டார். பாத்துக்கொள்ள இருந்தது இவர் ஒருத்தர்.

அவர் வழக்கப்படி ஒரு வரிசை வகுத்தார். முதலில் மிஷின் நம்பரை நோட்டில் எழுதுவது. அடுத்து, திரையில் இருக்கும் குப்பைத்தொட்டியில் எத்தனை கிடக்கிறது என்று எழுதிவிட்டு அதைக் காலி செய்வது; வேண்டாததைச் சுமந்து என்ன பயன்? பிறகு மற்ற எல்லாவற்றையும் தேடி எடுத்து சர்வரில் பத்திரப்படுத்துவது. அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்கைப் பொருத்திப் புதிய சிஸ்டத்தை ஏற்றுவது. கடைசியாக, பழைய டிஸ்கில் அன்றைக்கு மாலைக்குள் டிரில் மிஷினால் மூன்று ஓட்டை போடுவது. ஊரார் விவரமெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடக்கூடாது அல்லவா? இதையெல்லாம் சுற்றறிக்கையாக அடித்து, ‘குப்பைத்தொட்டி காலி செய்யப்படும், வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்ளவும்’ என்று தடித்த எழுத்தில் போட்டு, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. நம்பர் நூற்றுப் பதினெட்டு. அங்கே உட்கார்ந்தவள்தான் இல்லையே.

வேலை ஆரம்பமானது. வரிப் பிரிவில் ஒருவர் திரையில் இண்டு இடுக்கு விடாமல் கோப்புகளை இறைத்து வைத்திருந்தார். “எல்லாம் முக்கியம் சார், ஒண்ணையும் தொடாதீங்க” என்றார். எது என்ன என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. பொறியாளர் மிஷினில் ‘புதிய ஃபோல்டர்’ என்ற பெயரில் முப்பத்தேழு இருந்தன. சுகாதாரப் பிரிவில் ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை. சுகாதாரப் பிரிவு! அவர் பிரஷால் மெல்லத் தள்ளி, நோட்டில் ‘பல்லி முட்டை – 2’ என்று எழுதிக்கொண்டார். அவருக்கு அதுவும் கணக்குத்தான்.

இப்படி ஒவ்வொன்றாக வந்து, ஆறாவது வாரம் நூற்றுப் பதினெட்டின் முறை வந்தது. முறைப்படி வந்தது, விதிப்படி வந்தது. முந்தின நாள் பாப்பாவுக்கு போன் செய்தார்.

“நாளைக்குத் திறக்கறேம்மா.”

“நானும் வரட்டுமா மாமா? ஓரமா நிக்கறேன்.”

“வெளியாளை உள்ள விடமாட்டாங்கம்மா. எடுத்துக்கிட்டு நானே வரேன்.”

புதன்கிழமை காலை பத்து மணிக்கு முதல் மாடிக்குப் போனார். பக்கத்து மேசைக்காரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு. போர்த்தியிருந்த துணியை எடுத்தார். நாற்காலியில் முதுகு வலிக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை அப்படியே இருந்தது. மானிட்டரின் ஓரத்தில், ‘போகும்போது ஜன்னலைச் சாத்து’ என்று அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவருக்கு இரண்டும் ஆடின. தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கண் அந்தச் சீட்டிலேயே இருந்தது. கை தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. நூற்றுப் பதினேழு மிஷினில் பழகிய கை. நோட்டில் 118 என்று எழுதியது. மவுஸைக் குப்பைத்தொட்டியின் மேல் வைத்து அழுத்தியது. இந்த 46 உருப்படிகளை நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்டது. நோட்டில் 46 என்று எழுதியது. ‘ஆம்’ என்று அழுத்தியது.

பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்து தேட ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் தேடினார். படிவங்கள், சுற்றறிக்கைகள், விடுப்பு விண்ணப்பங்கள், பாப்பாவின் பள்ளிக்கூடப் படம் ஒன்று. ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்தார். ஒவ்வொரு கோப்பையும் முதல் வரியிலிருந்து படித்தார். தேதியை வைத்துத் தேடினார், பாப்பா என்ற சொல்லை வைத்துத் தேடினார். எதுவும் இல்லை. எழுதுகிறேன் என்று சும்மா சொல்லியிருப்பாளோ? எழுத நினைத்து, வராமல் விட்டிருப்பாளோ? இருந்ததையெல்லாம் சர்வரில் ஏற்றினார். டிஸ்கைக் கழற்றினார். மாலையில், விதிப்படி, மூன்று ஓட்டை போட்டார்.

ஆறு மணிக்கு போன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“ஒண்ணும் இல்லம்மா. நல்லாத் தேடிட்டேன்.”

கடையில் யாரோ விலை கேட்பது மட்டும் கேட்டது.

“எனக்குத் தெரியும் மாமா. எழுதியிருக்க மாட்டா. முகத்துல முழிக்காதன்னா, சொன்ன மாதிரியே முழிக்காமலே போயிட்டா. கோவத்தோடவே போயிட்டா.”

அப்படியெல்லாம் இல்லம்மா என்று சொல்லியிருக்கலாம். கையில் ஆதாரம் இல்லாமல் எதையும் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். போனை வைத்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து, பதிவுப் பிரிவில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று அழைப்பு வந்தது. புது சிஸ்டத்தோடு பழைய பிரிண்டர் பேச மறுத்தது. பக்கத்து மேசைக்காரியின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் அந்தக் காலி மேசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“வெள்ளிக்கிழமை வந்தாலே அக்கா ஞாபகம்தான் சார் வருது. சாப்பாட்டு நேரத்துல, ‘நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காரு’ன்னு சொல்லிட்டு டைப் அடிப்பாங்க. ஒரு வெள்ளிக்கிழமை தவறாது. பொண்ணுக்குக் கடுதாசியாம்.”

அவர் கை நின்றது. “எழுதினாளா? நீங்க பாத்தீங்களா?”

“படிக்கல சார். ஆனா எழுதுவாங்க, எழுதி முடிச்ச உடனே தூக்கிக் குப்பைத்தொட்டியில போட்டுடுவாங்க. ‘என்னக்கா, போடறதுக்கா எழுதறீங்க?’ன்னு கேட்டேன். ‘இந்த மிஷின்ல கண்டவங்களும் வந்து உக்காருறாங்க. எல்லாத்தையும் நோண்டுவாங்க, குப்பையை எவன் நோண்டப்போறான்? வேணும்னா அப்புறம் எடுத்துக்கலாம். சின்ன வயசுலேர்ந்து எங்கண்ணன்கிட்டேர்ந்து இப்படித்தான் தப்பிச்சேன்’னு சிரிச்சாங்க.” சொல்லிக்கொண்டே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். “சார்? என்ன சார் ஆச்சு?”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது எல்லாரும் செய்வதுதான். வெண்ணெயைத் தன் கையாலேயே கொட்டிவிட்டு, அப்புறம் ஒன்றரை மணி நேரம் நெய் தேடியவர் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். எழுந்து கீழே பொருள் அறைக்குப் போனார். ஓட்டை போட்ட டிஸ்குகள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடந்தன. 118 என்று சீட்டு ஒட்டியதைத் தேடி எடுத்தார். ஓட்டை சுத்தமாக விழுந்திருந்தது. அவர் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்வதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, ஐம்பத்து மூன்று வயது மனிதர் விம்மி விம்மி அழுதார். தங்கை செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. பாப்பாதான் நம்பிவிட்டாளே. பக்கத்து மேசைக்காரியும் அவளும் வாழ்நாளில் சந்திக்கப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மாமன் என்கிற இடத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம். உலகத்தில் அவருக்கு மிச்சமிருப்பது அந்த இடம் ஒன்றுதான். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதையே நினைத்தார். ஆனால் போனில் கேட்ட அந்தக் குரல் விடவில்லை. கோவத்தோடவே போயிட்டா. ஒரு பெண் அதைச் சாகும்வரை சுமப்பாள், இவர் சொல்லாவிட்டால்.

மறுநாள் சனிக்கிழமை, மத்தியானம் கடைக்குப் போனார். கூட்டமில்லை. கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவில் பாப்பா ஒரு ஃப்ரேமைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொன்னார். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் மெழுகவில்லை. குப்பைத்தொட்டி, திரையின் கேள்வி, தன் விரல், டிரில் மிஷின்.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

“நீங்களா மாமா? நீங்களேவா?”

“நான்தாம்மா.”

“ஒரு நிமிஷம் திறந்து பாத்திருக்கக் கூடாதா? ஊர்ல இருக்கறவன் மிஷின்ல பல்லி முட்டையைக்கூட எண்ணி எழுதினேன்னு சொன்னீங்களே! எங்கம்மா எழுதினதை ஒரு நிமிஷம் பாக்க முடியலையா உங்களுக்கு?”

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். ‘118. குப்பைத்தொட்டி – 46. காலி.’

“நாப்பத்தாறும்மா. நாப்பத்தாறு எழுதியிருக்கா. வாராவாரம் வெள்ளிக்கிழமை, ஒண்ணு தவறாம. கோவமா இருக்கறவ இத்தனை எழுதமாட்டா.”

பாப்பா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்துப் போன வருடத்து நாள்காட்டியைத் திறந்தாள். தான் வீட்டைவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையில் விரலை வைத்து, வெள்ளிக்கிழமைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள், அம்மா செத்த அந்தத் திங்கட்கிழமை வரைக்கும். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“நாப்பத்தேழு வருது. ஒண்ணு குறையுது.”

“ஏதாவது லீவா இருந்திருக்கும்மா. இல்லன்னா உடம்பு முடியாம...”

“இல்ல மாமா.” அவள் ஒரு தேதியில் விரலை வைத்தாள். “இந்த வெள்ளிக்கிழமை அம்மா எழுதல. அரை நாள் லீவு போட்டுட்டு ஹாஸ்டலுக்கு வந்தா. உங்ககிட்டயும் சொல்லலைல்ல?”

அவர் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாது.

“வார்டன் மேல வந்து சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லச் சொல்லிட்டேன். ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். ஹாஸ்டல் வாசல்ல ஒரு மணி நேரம் நின்னா. கண்ணாடியைக் கழட்டிக் கழட்டித் துடைச்சா. கண்ணாடிக் காலு உடைஞ்சு நூல் சுத்தியிருந்தது, அது மேலேர்ந்தே தெரிஞ்சது. மறுநாளே இங்க ஒரு நல்ல ஃப்ரேமா எடுத்து வெச்சேன். குடுக்கல. நான் பாக்காம திருப்பி அனுப்பினதுல அவ கோவம் இன்னும் ஏறியிருக்கும்னு நினைச்சேன்.” அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். “நாப்பத்தாறை நீங்க தெரியாம அழிச்சீங்க மாமா. இந்த ஒண்ணை நான் தெரிஞ்சே அழிச்சேன்.”

கடைக்கு வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று. அவர் மேசையைச் சுற்றிப் போய் அவள் தலைமேல் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

“இந்தப் பக்கத்தை எனக்குக் குடுப்பீங்களா?” என்று கேட்டாள்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்த நோட்டுகளிலிருந்து ஒரு தாள்கூட அவர் கிழித்ததில்லை. கிழிக்கக்கூடாது என்பதும் ஒரு விதிதான். நோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிசிறில்லாமல் கிழித்துக் கொடுத்தார். பாப்பா அதை நாலாக மடித்து, அந்தப் புது ஃப்ரேமுக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினாள்.